ஐந்தாவது பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வவுச்சர் இல்லாமல் ஒரு சதமும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய். 2024 ஒக்டோபரில், பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கதவுக்குக் கீழால் ஒரு துண்டுப்பிரசுரம் வந்து விழுந்தது. "பாராளுமன்றத்தில் உங்கள் குரலாக ஒலித்தவர்" என்று போட்டு, கைகூப்பிய படம். கடந்த முறை நான் விருப்பு வாக்குப் போட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர். பெயரைச் சொல்லப் போவதில்லை, எம்.பி. என்றே வைத்துக்கொள்வோம்.

"எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே. நீர் என்ன புதுசா பார்க்கப்போறீர்?" என்றார் அத்தான். அவர் பேப்பரை விளையாட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்குபவர். குரல் எத்தனை தரம் ஒலித்தது, எதற்கு ஒலித்தது, எவ்வளவு செலவில் ஒலித்தது என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆளுக்கு இரண்டு மட்டன் ரோல்ஸ் பந்தயம்: நான் ஏதும் குறை பிடித்தால் வெற்றி எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. அந்தப் பந்தயத்துக்காக நான் பாவித்துப் பார்த்த வசதிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். எல்லாமே இலவசம், ஒன்றைத் தவிர. அது இரண்டு ரூபாய்.

முதலில் ஹன்சாட். பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதை வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்யும் புத்தகம். பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் அமர்வு நடந்த நாள் வாரியாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் வருகிற பிரதியின் முகப்பில் 'பிழை திருத்தப்படாதது' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதை கூடியது. எங்கள் ஒபிசில் எந்தக் கணக்கிலும் அப்படி ஒளிவுமறைவில்லாமல் எழுதி நான் கண்டதில்லை.

ஹன்சாட்டைப் படிப்பது சீரியல் பார்ப்பதைவிடச் சுவாரசியம் என்று சத்தியமாகச் சொல்வேன். பேச்சுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் 'இடையீடு' என்று வரும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் எழும்பி நின்று கத்தினார்களோ! சில இடங்களில் சபைக்குத் தலைமை தாங்குபவரின் கட்டளைப்படி நீக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். என்ன தூஷணம் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வாய்மூல வினாக்கள் என்று ஒரு பகுதி. எங்கள் எம்.பி. அங்கே தொடர்மாடி வீடுகளைப் பற்றி நல்ல கேள்வி ஒன்று கேட்டிருந்தார். ஆறு உப பிரிவுகள், ஒவ்வொன்றும் கூர்மை. அமைச்சர் தரப்பு கால அவகாசம் கேட்டது. அடுத்த முறையும் கேட்டது. நானும் விடாமல் அமர்வு அமர்வாகத் தேடிப் போனேன், அப்புறம் அந்தக் கேள்வியின் அடிச்சுவடே இல்லை.

ஹன்சாட்டின் பெரிய சிக்கல் மொழி. சிங்களத்தில் பேசியது சிங்களத்தில், தமிழில் பேசியது தமிழில், ஆங்கிலத்தில் பேசியது ஆங்கிலத்தில் அப்படியே அச்சாகும். பேசுபவரின் பெயர் மட்டும் மூன்று எழுத்திலும் இருக்கும். சபைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காதில் மாட்டிக் கேட்க உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிற எனக்கு எழுத்தில் அது இல்லை. ஒபிசில் பழகிய சிங்களத்தை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். அமைச்சரின் பதிலில் ஒரு பக்கம் தாண்ட அரை மணித்தியாலம் போனது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு எம்.பி.யின் கேள்வி விளங்கும், அதற்குக் கிடைத்த பதில் விளங்காது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரை இதற்காகத்தான் குறைகிறது.

அடுத்தது மந்திரி.எல்கே. வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் தொடங்கிய தளம், மூன்று மொழியிலும் உண்டு. பெயரைப் பார்த்து மந்திரிமாரைப் பற்றி மட்டும்தான் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். சிங்களத்தில் மந்திரி என்றால் எம்.பி., நமக்குத்தான் அமைச்சர். மகள் சொல்லித்தான் திறந்து பார்த்தேன். நான் ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு செய்த வேலையை அவர்கள் 225 பேருக்கும் செய்கிறார்கள்: ஹன்சாட்டை எடுத்து, யார் எந்த விடயத்தில் எவ்வளவு பங்களித்தார் என்று வகை பிரித்து, வரிசைப்படுத்துவது. சோம்பேறி எம்.பி.யைக் கண்டுபிடிக்க இதைவிட லேசான வழி இல்லை. நாலு வருடம் வாயே திறக்காதவர் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

ஆனால் ஹன்சாட்டில் விழுந்ததைத்தானே எண்ணலாம். எங்கள் எம்.பி. பேச்சில் குறைவைத்தவர் இல்லை. மின்கட்டணம், மலையகக் காணி, வடிகால், கிரிக்கெட் என்று எல்லாவற்றிலும் தலைகாட்டியிருந்தார். அத்தானிடம் காட்டினேன். "பேசறதுக்குத்தானே அனுப்பினது? பிறகென்ன, ரோல்ஸ் எங்கே?" என்றார். பேச்சு வேறு, வாக்கு வேறு என்றேன்.

வாக்கு. இதைத்தான் நான் முக்கியமாகத் தேடிப் போனேன், இங்கேதான் கால் தடுக்கியது. எல்லாச் சட்டமூலத்துக்கும் பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடப்பதில்லை. சபையில் குரல் கேட்டுப் பார்த்து, யாரும் பிரித்து எண்ணச் சொல்லிக் கேட்காவிட்டால், அப்படியே நிறைவேறிவிடும். ஹன்சாட்டில் நிறைவேறியது என்று இருக்கும், யார் நிறைவேற்றினார் என்று இருக்காது. இன்னொரு வகை இரகசிய வாக்கு. 2022 ஜூலை 20ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது பாராளுமன்றம்தான்: ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3, செல்லாத வாக்கு 4. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் நடந்த அவ்வளவு பெரிய முடிவு. என் எம்.பி. எங்கே புள்ளடி போட்டார் என்று எந்தத் தளத்திலும் தேட முடியாது. அவராகச் சொன்னால் நம்பலாம், நம்பாமலும் விடலாம்.

சரி, பெயர் பதிவான வாக்கெடுப்பில் ஒன்றையாவது பார்ப்போம் என்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை எடுத்தேன். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் எழுதுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவருகிறது என்று பெரிய சத்தம் எழும்பிய சட்டமூலம். எங்கள் எம்.பி. டிவியில் உட்கார்ந்து மேசையைத் தட்டித் தட்டி அதைக் கண்டித்ததை நானே பார்த்திருக்கிறேன். 2024 ஜனவரி 24ஆம் திகதி வாக்கெடுப்பு. சார்பாக 108, எதிராக 62.

போனில் பெயர்ப் பட்டியல் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஜம்பட்டா வீதியில் போட்டோக்கொப்பி கடைக்குப் போய் அச்செடுத்துத் தரச் சொன்னேன். கடைப் பையன் மொத்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "அன்ரி, முழுசையும் அடிக்கவா? பிறகு வேணாம் எண்டு சொல்லக்கூடாது" என்றான். வாக்கெடுப்புப் பக்கங்கள் மட்டும் போதும் என்றேன். அவன் மேசையிலேயே அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தேன். எதிர்த்தவர்களில் இல்லை. அடிமட்டத்தை மேலே ஏற்றி ஆதரித்தவர்களைப் பார்த்தேன். நல்லவேளை, அதிலும் இல்லை. இன்னொரு தரம் பார்த்தேன். இல்லவே இல்லை. 108ஐயும் 62ஐயும் கூட்டினால் 170. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பட்டியலிலும் இல்லை, அதில் என்னுடையவரும் ஒருவர்.

ஆளுக்கு ஏதும் சுகயீனமாக இருந்திருக்கலாம். கேட்காமல் குறை சொல்லக்கூடாது என்று எம்.பி.யின் இணைப்புச் செயலாளருக்குப் போன் அடித்தேன். இளம் குரல், மரியாதையான பையன்.

"அண்டைக்கு ஐயாவுக்குச் சரியான காய்ச்சல் அன்ரி. டொக்டர் எழும்பவே விடேல்ல."

இரண்டு நாள் கழித்து அவரே திருப்பி எடுத்தார். "அன்ரி, நான் டயரியைப் பார்த்தனான். ஐயா அண்டைக்கு நாட்டிலேயே இல்லை."

ஒரே செலவுக்கு இரண்டு வவுச்சர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? மூன்றாவதாக ஒரு ஆவணத்தைப் பார்ப்போம். பாராளுமன்றத் தளத்தில் உறுப்பினர் வரவு விபரமும் உண்டு. அதன்படி எம்.பி. அன்றைக்குச் சபைக்கு வந்திருக்கிறார். காய்ச்சலும் இல்லை, விமானமும் இல்லை. வந்தவர், வாக்கெடுப்பு மணி அடித்த நேரத்தில் எங்கேயோ போயிருக்கிறார். வரவு என்பது அந்த நாளில் வந்தாரா என்பதுதான், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இல்லை. அமர்வு நாளுக்கான 2,500 ரூபாய் கொடுப்பனவுக்கு அது போதும். இந்த வரவு வசதிக்குத் தனியாகப் பார்த்தால் ஐந்துக்கு ஒன்று. ஹன்சாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து.

சபை நடக்க ஆகக்குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் தெரியுமா? 225இல் 20. யாராவது ஒருவர் எழும்பி எண்ணிக்கை போதாது என்று சுட்டிக்காட்டினால்தான் அதுவும் பிரச்சினை.

இந்த இடத்தில் லண்டன் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கச்சி ஹரோவில் இருக்கிறாள். அவளிடம் இதைப் புலம்பினேன். "அக்கா, இங்கே எனக்கு ஈமெயிலே வருது" என்றாள். தேவேர்க்ஃபோர்யூ என்று ஒரு தளம், மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு நடத்துகிறது, 2004இல் தொடங்கியது. அவளுடைய எம்.பி. வாயைத் திறந்தால் கடிதம் வரும். எந்த விடயத்தில் எப்படி வாக்களித்து வந்திருக்கிறார் என்று தொகுத்தும் வைத்திருக்கிறார்கள். செலவுக்கு வேறொரு அரச அமைப்பு: ஐப்சா. எம்.பி.மார் ஒபிஸ் வாடகைக்கும் ரயிலுக்கும் எழுதி வாங்கும் காசு அதில் ஒவ்வொன்றாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். 2009இல் அங்கே எம்.பி.மாரின் செலவுக் கணக்குப் பத்திரிகைக்குக் கசிந்து பெரிய நாற்றம் அடித்தது. ஒருவர் தன் குளத்தில் வாத்துக்கு மிதக்கும் கூடு வைக்க 1,645 பவுணுக்கு எழுதியிருந்தார், அதைக் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. அந்த நாற்றத்துக்குப் பிறகுதான் ஐப்சா வந்தது.

இங்கே? கொடுப்பனவு எவ்வளவு என்பது பகிரங்கம். மாதாந்தக் கொடுப்பனவு 54,285 ரூபாய். ஒபிசுக்கு ஒரு இலட்சம். தொலைபேசிக்கு 50,000. கூட்டினால் 204,285. மாதம் எட்டு அமர்வு என்று வைத்தால் இன்னும் 20,000. எரிபொருள் தனி, அது மாவட்டத்தின் தூரத்தைப் பொறுத்தது. தலைக்கு எவ்வளவு என்ற விகிதம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, அந்த ஒரு இலட்சத்தில் எம்.பி. என்ன வாங்கினார் என்பதைத் தங்கச்சி தட்டிப் பார்ப்பதுபோல என்னால் தட்டிப் பார்க்க முடியாது. சொத்து விபரம் பரவாயில்லை. 1975இலிருந்தே சட்டம் இருந்தாலும், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இலஞ்ச ஆணைக்குழு அவற்றை இணையத்தில் போடுகிறது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதி. எம்.பி. பெயருக்கு ஒதுக்கி, அவர் சொல்கிற வேலைக்கு அரச அலுவலகம் ஊடாகச் செலவாகும் காசு. துண்டுப்பிரசுரத்தில் "அபிவிருத்தி" என்று போட்டிருந்தது இதைத்தான். இதைக் கேட்க ஒரே வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, அதுதான் எனக்குப் பிடித்த பிரிவு. 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். தேடுவது பெரிய வேலை என்றால் இன்னும் 21 நாள் நீட்டலாம். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், அதற்கு மேல் ஆணைக்குழு என்று மேன்முறையீடு.

எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். தேர்தல் முடிந்து, எம்.பி. தோற்று, புதியவர்கள் சத்தியப்பிரமாணம் செய்து, தைப்பொங்கலும் தாண்டிய பிறகு பதில் வந்தது. தமிழில் கேட்டேன், பதில் சிங்களத்தில். அதுவும், நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று ஒரே வரி. போனேன்.

ஐந்து பக்கம் இருந்தது. ஏ4 போட்டோக்கொப்பியில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஐந்தாவது பக்கத்துக்கு நான் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். காசாளர் வேறு கட்டிடத்தில். போனால் சாப்பாட்டுக்குப் போய்விட்டார், மேசையில் சோற்றுப் பார்சல் விரித்த பேப்பர் மட்டும் மின்விசிறியில் படபடத்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் வந்தார். ஐந்து ரூபாய்க் குற்றி கொடுத்தேன். மூன்று ரூபாய் சில்லறை இல்லை. வேண்டாம் வையுங்கள் என்றேன், வைக்க முடியாது, பற்றுச்சீட்டில் இரண்டு என்றால் இரண்டுதான் என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போனது. கடைசியில் காவலாளியிடம் இரண்டு ரூபாய் மாற்றி, காபன் வைத்து மூன்று பிரதியில் பற்றுச்சீட்டு எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அந்தத் தாளின் விலை இரண்டு ரூபாய்க்கு மேல் இருக்கும்.

திரும்பி வந்தால், தகவல் அலுவலரின் மேசையில் இருந்த இளம் பிள்ளை, "தமிழில் இல்லை அன்ரி, நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்று சிங்களத்தில் சொன்னாள். ஐந்து பக்கத்தையும் வரி வரியாக வாசித்தாள். நான் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டேன். தையல் இயந்திரம், ஒலிபெருக்கி, பாடசாலை பேண்ட் வாத்தியம், விளையாட்டுக் கழகத்துக்குக் கரம் போர்ட். ஐந்தாவது பக்கத்தில் எங்கள் தெரு மரண உதவிச் சங்கத்தின் பெயர்: பிளாஸ்டிக் கதிரை, 100.

அந்தப் பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து. முறைக்கு இரண்டு.

கதிரை நூறு என்பதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபது தாண்டியவர். "எண்ணிப் பார்க்கலாமா அண்ணை?" என்றேன். ஒரு நிமிடம் முகம் மாறியது, பிறகு சாவியை எடுத்தார். மண்டபத்தில் அடுக்கி வைத்தது 81. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு செத்த வீட்டுக் கூடாரத்துக்குக் கொடுத்தது 15. அங்கே போய், கும்பிட்டுவிட்டு, ஆட்கள் எழும்ப எழும்ப எண்ணினேன். பிழைதான், ஆனால் எண்ணினேன். நான் உட்கார்ந்த கதிரையின் முதுகிலும் நீல மையில் எம்.பி.யின் பெயர். மொத்தம் 96. செயலாளர் ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பவும் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், மச்சுப்படிக்குக் கீழே சாக்கை விலக்கினார். கால் உடைந்த நாலு கதிரை, கயிற்றால் கட்டி வைத்திருந்தது.

நூறும் சரி.

அத்தானுக்குச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, கதிரை வந்தபடியால் தனக்குத்தான் வெற்றி என்றார். வாக்கெடுப்பில் ஆள் காணாமல்போனதால் எனக்குத்தான் என்றேன். அவர் ஆளுக்கொரு ரோல்ஸ் வாங்கி வந்தார், அதுவும் மரக்கறி ரோல்ஸ்.

இப்போது புதிய பாராளுமன்றம். சீ.ஆர். கொப்பியில் புதுப் பக்கம் கோடு போட்டு, எங்கள் மாவட்ட எம்.பி.மாரின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். போன கிழமை செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் வெறும் விண்ணப்பத் தாள். "பிள்ளைக்குத்தான் இந்தப் படிவமெல்லாம் தெரியுமே. புது எம்.பி.யிட்ட இன்னொரு ஐம்பது கதிரை கேட்டுப் பாப்பமா?" என்றார். எழுதிக்கொடுத்தேன். பிரதி ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.